யுகேந்திரன் மாமாவின் பெட்டி

போகிற வீட்டில் குடிக்கத் தண்ணீர் வருவதற்குள் யுகேந்திரனின் கண் அலமாரியைத் துழாவி முடித்திருக்கும். தொலைக்காட்சிக்குக் கீழேயோ சாமி மேடைக்குப் பக்கத்திலோ ஒரு பழைய ஆல்பம் அகப்பட்டால் போதும், எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். பிளாஸ்டிக் தாளில் வெளிச்சம் பளிச்சிடாதபடி சாய்த்துப் பிடித்து, மூச்சை அடக்கி, பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுப்பார். யாராவது கேட்டால், "சும்மா லா, பழைய ஞாபகம்" என்பார். ஐம்பது தாண்டியதும் மனுஷனுக்குச் சொந்தபந்தத்தின் மேல் பாசம் பொங்கிவிட்டது என்று ஜொகூரில் தெப்ராவிலிருந்து ஸ்கூடாய் வரை பேச்சு. அது காதில் விழுந்தால் ஆல்பத்துக்குள் இன்னும் குனிந்துகொள்வார்.

தெப்ராவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பது அவர் வேலை. வீட்டிலும் கை சும்மா இராது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னத் திருப்புளியும் பென் டிரைவும் கிடக்கும். சொந்தத்தில் யாருடைய கணினி படுத்தாலும் வைத்தியர் அவர்தான். விண்டோஸ் கெட்டுப்போனால் அது இருக்கும் 'சி' டிரைவை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவார். 'டி'யில் இருக்கிற படமும் பாட்டும் அசையாமல் அப்படியே இருக்கும். வருஷக்கணக்கான கைப்பழக்கம்.

அவர் வீட்டுக் கூடத்தில், மோடத்துக்குப் பக்கத்தில், ரொட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே இரண்டு டிஸ்க். உறவினர்கள் இருந்த இடத்திலிருந்தே தங்கள் கைப்பேசிப் படங்களை அதற்குள் அனுப்பலாம். அதன் பெருமையை அவர் பேசாத கல்யாணமும் இல்லை, கருமாதியும் இல்லை. "படம் வைக்கக் கண்ட கம்பெனிக்கும் மாசாமாசம் ஏன் பணம் கட்டுறீங்க? என் பொட்டில போடுங்க. ஒரு டிஸ்க் செத்தாலும் இன்னொன்னு அதையே வச்சிருக்கும். போட்டுட்டு ஃபோன்ல அழிச்சிடுங்க. எல்லாத்தையும் ஃபோன்லயே வச்சிருக்கிறவன் மடையன்."

அழித்தார்கள். அவருடைய அக்கா தேன்மொழியின் விஷயத்தில் யுகேந்திரன் இன்னும் ஒரு படி மேலே போனார். அக்கா வீட்டு ஆல்பங்களை எல்லாம் தாமே ஸ்கேன் செய்து பெட்டியில் ஏற்றினார். "கரையானுக்கு எதுக்குத் தீனி?" என்று அந்த ஆல்பங்களைக் காரில் போட்டு எடுத்துப்போய்க் குப்பையில் கொட்டியவரும் அவர்தான்.

அப்புறம் பெட்டி செய்த கம்பெனி, இந்தப் பழைய மாடலுக்கு இனிமேல் புது மென்பொருள் கிடையாது என்று கைகழுவியது. யுகேந்திரனுக்கு ரோஷம் வந்தது. "பொட்டி நம்மளுது, படம் நம்மளுது, உள்ள ஓடுற சிஸ்டம் மட்டும் அவனோடதா?" எங்கெங்கோ இருக்கிற பலர் கூடி எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திறந்து வைத்திருக்கும் ஓர் இயங்குதளத்தை இறக்கினார். ஒரு பொது விடுமுறையன்று பெட்டிக்குத் திரையும் விசைப்பலகையும் மாட்டி, பென் டிரைவைச் செருகினார். புது சிஸ்டம் முதல் தடவையிலேயே எழுந்து நின்றது. டிஸ்க்குகளைச் சேர்க்கச் சொன்னபோது, இவற்றில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. அழியப்போவது பழைய சிஸ்டம்தானே, 'டி' எங்கே போய்விடும் என்று விரல் தானாகச் சம்மதம் சொன்னது.

அந்தப் பெட்டியில் 'சி'யும் இல்லை, 'டி'யும் இல்லை. ஒரு டிஸ்க் செய்வதை மற்றதும் செய்யும் என்று ஊரெல்லாம் சொல்லி வந்தாரே, அதேபோல இரண்டும் சேர்ந்தே காலியாயின. அது தெரியாமல், வேகம் எப்படி என்று பார்க்கிறேன் பேர்வழி என்று தம்மிடமிருந்த சினிமாக்களையும் டிஸ்க் நிரம்ப அதன் மேல் கொட்டினார். படங்களைத் தேடியபோதுதான் ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தது. ஜொகூர் பாருவில் ஒரு கடைக்கு டிஸ்க்குகளைக் கொண்டுபோனார். கடைச் சீனர் சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சுடா ஹாபிஸ் லா, போஸ்." எல்லாம் முடிந்துபோயிற்று.

வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. புது சிஸ்டம் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. கணினியில் அதன் எந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாலும், எல்லாம் சரி என்கிற பச்சை. முன்பெல்லாம் வருகிறவர்களை உட்கார வைத்து அந்தத் திரையைக் காட்டுவார். இப்போது பெட்டியின் முகம் சுவரைப் பார்த்திருக்கிறது. பழைய படங்களை யாராவது கேட்டால், "சிஸ்டம் மாத்துறேன், காப்பி ஓடிக்கிட்டிருக்கு" என்பார்.

"இத்தன நாளா ஓடுதாடா?" என்று தேன்மொழி கேட்பார். "நடந்து போயிருந்தாக்கூட மூவாருக்குப் போயிட்டுத் திரும்பியிருக்கும்."

இந்த நேரத்தில் அக்கா மகள் ஷர்மினிக்குக் கல்யாணம் நிச்சயமானது.

"மாமா, டின்னர்ல ஸ்கிரீன்ல போடறதுக்கு என் சின்ன வயசு படம் எல்லாம் வேணும். அந்த மொட்டைப் படம் மட்டும் வேணாம், பிளீஸ். மாப்பிள்ள வீட்டுக்கு முன்னால மானம் போயிடும்."

தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டு, புது மொட்டையோடு வாயைப் பிளந்து அவள் அழுத படம் அது. யுகேந்திரன் சிரிக்க முயன்றார். வரவில்லை.

அன்று தொடங்கியதுதான் இந்த ஆல்பம் தேடும் பழக்கம். கிடைப்பதைப் பெரிதாக்கி, வெட்டி, நிறம் திருத்தி ஒன்றாகச் சேர்க்கிறார். யார் வீட்டுப் பிறந்தநாள் கேக்குக்கோ பின்னால் ஷர்மினியின் அரை முகம். ஏதோ ஒரு மணமேடையின் ஓரத்தில் சப்பாத்து கழன்ற அவளுடைய ஒற்றைக் கால். சேர்த்துப் பார்த்தால், அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து சொந்த வீட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை, எல்லார் வீட்டிலும் விருந்தாளியாகவே வளர்ந்தது என்று தோன்றும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்கூடாயில் அக்கா வீட்டில் இருந்தார். தேன்மொழி பக்கத்தில் வந்து உட்கார்ந்து கைப்பேசியை நீட்டினார்.

"தம்பி, இங்க பாரு. நிச்சயத்துப் படம் எல்லாத்தையும் நேத்தே உன் பொட்டிக்கு அனுப்பிட்டேன். ஃபோன் ஃபுல்லு. நீ சொல்ற மாதிரியே அழிச்சிடுறேன், சரியா?"

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். கட்டைவிரல், திரையில் இருந்த குப்பைத்தொட்டிக்கு மேலே நின்றது.

அந்தப் படங்கள் பத்திரமாகத்தான் வந்து சேர்ந்திருந்தன. காலையில்தான் யுகேந்திரன் பார்த்தார், வெளியே தனி டிஸ்க்கிலும் நகல் எடுத்து வைத்தார். 'சரிக்கா' என்று ஒரு வார்த்தை போதும்.

"அழிக்காதக்கா."

"ஏன்? ஃபோன்ல வச்சிருக்கிறவன் மடையன்னு நீதான சொல்லுவ?"

"இருக்கட்டும். அழிக்காத."

"அலமாக்! அதான் பொட்டில இருக்குல்ல, அப்புறம் என்னடா?"

"இது இருக்குக்கா."

தேன்மொழி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தம்பியின் முகத்தைப் பார்த்தார். உள்ளறையிலிருந்து ஷர்மினி குரல் கொடுத்தாள். "மாமா வந்திருக்காங்களா? படம் கொண்டாந்தீங்களா, மாமா?"

"இது இருக்குன்னா?" என்றார் தேன்மொழி, குரலைத் தாழ்த்தி. "மத்ததெல்லாம் எங்கடா?"

யுகேந்திரன் கையை நீட்டி, திரைக்கு மேல் நின்ற அக்காவின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டார்.

"விடுடா, வலிக்குது."

அவர் விடவில்லை.