ரப்பர் கொட்டை அவிச்ச மத்தியானம்

பேய், ஆவின்னு யாராச்சும் ஆரம்பிச்சா நான் போன எடுத்துப் பாத்துக்கிட்டு உக்காந்துருவேன் அண்ணே. சர்ச்சுக்குப் போற ஆளு, அதுல எல்லாம் நம்பிக்கையே கிடையாது. ஆனா இது எனக்கு நடந்துச்சு, அதுவும் பட்டப்பகல்ல. சிரிக்கிறதுன்னா சிரிச்சுக்குங்க.

கொரோனாவுல ரெண்டாவது தடவ எல்லாத்தையும் மூடுனாங்களே, அப்ப டெங்கில்ங்கிற ஊர்ல வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில சமையல் வேலை, கடையே மூடிட்டாங்க. நான் மாசமா இருக்கேன், அரிசி டின்ல அடி தெரியுது. சாப்பாடு இல்லாதவங்க வாசல்ல வெள்ளைத் துணி கட்டுங்க, உதவி வரும்னு எல்லாரும் சொன்னாங்க. இவரு, "நம்ம வீட்ல வேணாம் லா மேரி"ன்னுட்டாரு. ஊருக்கே ஆக்கிப் போட்ட மனுஷன், கூச்சம்.

வீட்டுக்குப் பின்னாடி பழைய எஸ்டேட்டு ரப்பர் மரம் கொஞ்சம் நின்னுச்சு. நல்ல வெயில்ல காய் பட்டு பட்டுன்னு வெடிக்குது, கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சின்னப் புள்ளையில எஸ்டேட்டுல இருந்தப்ப அந்தக் கொட்டையத் தரையில தேச்சு சூடாக்கி, பக்கத்துல இருக்கவ தொடையில வச்சுட்டு ஓடுவோம். கையில காசில்லாத மாசம் அதையே அவிச்சும் தின்னிருக்கோம். பச்சையா தின்னா விஷம், அது மட்டும் ஞாபகம் இருந்துச்சு.

பொறுக்கிட்டு வந்து, ஓட்ட உடைச்சு, மூடாம கொதிக்க வச்சு, தண்ணிய வடிச்சு ஊத்திட்டு, திரும்ப அவிச்சு, பேசின்ல ஊறப் போட்டேன். இவரு பக்கத்துல மலாய்க்காரங்க இருக்குற கம்பத்துல மரவள்ளி கிடைக்குமான்னு பாக்கக் கிளம்பிட்டாரு. "வந்து சேர்ந்து வறுப்போம்"னு சொல்லிட்டுப் போனாரு. நான் கதவ உள்பக்கம் பூட்டிட்டு அசதியில படுத்துட்டேன்.

எழுந்து பாத்தா, நம்புனா நம்புங்க, பேசின்ல தண்ணி இல்ல. கொட்டை எல்லாம் தட்டுல ரெண்டு ரெண்டா பிளந்து கிடக்குது, பக்கத்துல உள்ள இருக்குற வெள்ளைக் குருத்தத் தனியா எடுத்துக் குவிச்சிருக்கு. அப்பத்தான் எனக்கு நெஞ்சுல அடிச்ச மாதிரி ஞாபகம் வருது, அந்தக் குருத்த எடுக்கணும், இல்லாட்டி தலை சுத்தி வாந்தி வரும்பாங்க. அது எங்கக்கா ஸ்டெல்லாவோட வேலை. படியில காலை நீட்டி உக்காந்து, ஊர்க்கதை பேசிக்கிட்டே நகத்தாலயே எடுத்துப் போடுவா. என் கல்யாணத்துக்கு முன்னாடியே காய்ச்சல்ல போய்ட்டா. வயித்துப் புள்ளையோட நான் அப்படியே தின்னுருப்பேன் அண்ணே.

இவரு வந்து கதவத் தட்டுனாரு. "என்ன, எல்லாத்தையும் முடிச்சுட்டியா?"

"நீங்க நடுவுல வந்தீங்களா?"

"எப்படி வர்றது, சாவி உள்ள தான மாட்டியிருக்கு?"

ஆமா, பூட்டுலதான் தொங்குது.

உப்பு மிளகாத்தூள் போட்டு வறுத்துத் தின்னோம். என்னான்னு சொல்றது, வாயில போட்டதும் எஸ்டேட்டு வீட்டுப் படியில உக்காந்திருந்தேன். ஒண்ணும் ஆகல, பொண்ணு நல்லபடியா பொறந்தா.

ஆனா ஒண்ணு, வறுக்கறதுக்கு முன்னாடி தட்டத் தூக்குனப்ப ஒரு கொட்டை மட்டும் பாதி கடிபட்டு இருந்துச்சு. பல்லு பட்ட தடம், கசப்பு போயிருச்சான்னு கடிச்சுப் பாப்பாங்களே அந்த மாதிரி. நான் கடிக்கல. இவரும் தொடல. மத்ததெல்லாம் காத்துல காஞ்சு கிடந்துச்சு அண்ணே, அது ஒண்ணு மட்டும் ஈரமா இருந்துச்சு.