திருக்கை வாசித்த பவனி

இப்ப நான் எங்கட ஊர் எத்தாளையில போட் எஞ்சின் திருத்திறன். சண்டை முடிஞ்ச காலத்தில 'திருக்கை' எண்ட மெட்டல் பங்க் பேண்டில கிட்டார் அடிச்சனான். கைவிட்ட இறால் பண்ணைக் கொட்டில்லதான் பழகுவம். என்ட அம்மா யூஜீனியா, "பேய்ச் சத்தம்" எண்டு கொட்டில் கதவுக்குத் தீர்த்தம் தெளிச்சிட்டுப் போவா.

ஒரு வருசம் மாதா திருநாள் பவனிக்குச் சொல்லிவைச்ச வாத்தியக்காரர் வரயில்ல. வேற வழியில்லாம ஃபாதர் எங்களைக் கூப்பிட்டார். லான்ட்மாஸ்டர் உழவு மெசின் இழுக்கிற பெட்டியில ஏறி மாதா பாட்டுத்தான் வாசிச்சம். ஆனா எங்கட டிரம்ஸ்காரன் கிளைட்டனுக்கு மெதுவா அடிக்கத் தெரிஞ்சாத்தானே! மாதாட சுருவத்தைத் தோளில தூக்கினவங்கள் அந்த அடிக்குக் கால் வைச்சு, சந்தி தாண்டினதும் ஓடவே தொடங்கிட்டாங்கள். சனமெல்லாம் மெழுகுதிரியைப் பொத்திக்கொண்டு பின்னால ஓட்டம்.

பவனி கோயிலுக்குத் திரும்பினதும் ஏச்சு வாங்கத்தான் நிண்டம். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு நேரே ஃபாதரிட்டப் போனா.

"ஃபாதர், இந்த வருசம்தான் வீட்டில சோறு ஆறுறதுக்கு முதல் பவனி முடிஞ்சிருக்கு. வாற வருசமும் இந்தப் பிள்ளையளையே பிடிங்கோ."

அந்த நாளையில கொழும்பில போஸ்டரும் இல்லாம, ரிக்கட்டும் இல்லாம எத்தனையோ அறையளுக்குள்ள வாசிச்சம். நல்லாத்தான் கத்திக் கைதட்டினாங்கள். ஆனா எங்களை இரண்டாம் தரம் கூப்பிடச் சொன்ன ஒரே ஆள், தீர்த்தம் தெளிச்ச என்ட அம்மாதான்.