நின்று சிரிப்பவர்

ஞாயிறுதோறும் மலேசியாவின் ஈப்போவில் கிளேடாங் மலை ஏறும் எங்கள் குழுவில் அவர் புதிதாகச் சேர்ந்தார். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கும் பெண்மணி. குள்ளமான உருவம், மகனுடைய பழைய காற்பந்துச் சட்டை, ஊன்றிக்கொள்ள ஒரு குடை. சிரிப்பு வந்தால் அவரால் நடக்க முடியாது. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, சிரித்து முடித்த பிறகுதான் அடுத்த அடி.

இத்தனை வருஷமாக என்னோடு நடந்த என் தோழி மகேஸ், இரண்டாவது வாரமே அவரோடு பின்தங்கிவிட்டாள். கீழிருந்து இருவரும் சிரிப்பது கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. வேகமாக ஏறி, உச்சியில் தனியாகப் போய் உட்கார்ந்தேன்.

அவர் நேரே என்னிடம்தான் வந்தார்.

“ஏன்க்கா முன்னாலயே ஓடுறீங்க? பேச்சுத் துணைக்கு ஆள் வேணாமா?”

“ஏறும்போது பேசினா எனக்கு மூச்சு வாங்கும்.”

“அப்ப இறங்கும்போது பேசலாம்லா. வாங்க.”

எழுந்து கூடவே இறங்கினேன். தன் மாமியார் துரியான் பழக் கடையில் பேரம் பேசிய கதையை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் நடக்க முடியாமல் நின்றுவிட்டேன். மகேஸ் எங்களைத் தாண்டிப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் மறுபடியும் மகேஸோடு பின்தங்கினார். நான் மேலே நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை, அந்த இருவரில் யார்மேல் பொறாமைப்படுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.