பூச்சி, புழு படித்தவளுக்குத் திறந்த வாசல்

சகோதரிகளே, உங்கள் எல்லோர் மீதும் அல்லாஹ்வின் சாந்தி நிலவட்டும். என் பெயர் ஷமீமா. லப்பைக்குடிக்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இந்த பயான் சொற்பொழிவுக்கு நான் பல காலமாக வருகிறேன். ஆனால் உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியாது. கடைசி வரிசையில் உட்கார்ந்து, கடைசிப் பிரார்த்தனையான துஆ முடிவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவேன். யாராவது "மாப்பிள்ளை எப்படிம்மா இருக்காரு?" என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது?

என் கணவர் குவைத்தில் கட்டட வேலை பார்த்தார். சாரம் சரிந்து விழுந்ததில் வலது கால் நொறுங்கிவிட்டது. ஆபரேஷன் செய்து, கம்பி வைத்து, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வரும்போது அவரிடம் ஒரு பையும் இரண்டு ஊன்றுகோலும் இருந்தன. எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. அத்தாவின் மடியில் ஏறப் போனவளை, கால் வலிக்கும் என்று நான்தான் இழுத்துப் பிடித்தேன்.

இருந்ததை வைத்துச் சில மாதங்கள் ஓடின. அடுத்த ரமலான் வந்தது. ஒரு நாள் நோன்பு திறக்கும் நேரம். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் வாசலில் நின்றார்.

"ஷமீமா, தப்பா எடுத்துக்காதம்மா. ஜகாத் சாமான். உள்ள வச்சுக்க."

அரிசி, எண்ணெய், ஒரு சேலை. என் மாமனார் இருந்த காலத்தில் எங்கள் வாசலிலிருந்துதான் இப்படிப் பைகள் மற்றவர்களுக்குப் போகும். வசதியுள்ளவர்கள் கொடுக்கும் ஜகாத்தை வாங்குவது கேவலமில்லை, அது ஏழையின் உரிமை என்று நமக்குத் தெரியும். தெரிந்தும் பையை முந்தானையால் மூடித்தான் உள்ளே எடுத்துப் போனேன். உள்ளே கட்டிலில் இருந்த கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று அவர் பேரீச்சம்பழம் ஒன்றோடு நோன்பை முடித்துக்கொண்டார்.

அந்தி நேர மஃரிப் தொழுகையில், நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவில் விழுந்தவள் எழவில்லை. "யா அல்லாஹ், எங்கள் மானத்தை மூடு. யார் கண்ணிலும் படாமல் என்னை மறைத்துவிடு" என்று அழுதேன். வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

நான் பி.எஸ்சி. விலங்கியல் படித்தவள். டாக்டராக வேண்டும் என்று பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தேன். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. கிடைத்த பட்டத்தை முடித்ததும் கல்யாணம். பெருநாள் கழிந்ததும் சான்றிதழை எடுத்துக்கொண்டு வேலை தேடக் கிளம்பினேன்.

பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடம். "பி.எட். இருக்குங்களா?" என்றார்கள். மருந்துக் கடையில், "டி.பார்ம் படிச்சவங்கதான் வேணும்." அரியலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். அங்கிருந்தவர் என் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பூச்சி, புழு படிச்சிட்டு வந்திருக்கீங்க. இதை வச்சு மனுசங்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்க முடியுங்களா?"

காத்திருந்த நோயாளிகள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைசியாகப் பாடாலூர் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்குப் போனேன். வகுப்பெடுக்க முடியாது, எல்.கே.ஜி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலை வேண்டுமானால் இருக்கிறது என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பினேன். திருச்சியிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினால், நாலாவது சீட்டில் கயல்விழி! அரும்பாவூர்க்காரி. கல்லூரியில் என் பக்கத்து இருக்கை. கழுத்தில் ஏதோ கம்பெனி அடையாள அட்டை தொங்கியது.

முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டு கடைசி சீட்டுக்குப் போனேன். கண்டக்டர் வந்தார். "பெரம்பலூர் ஒண்ணு தாங்க" என்றேன். அவ்வளவுதான்.

"ஏய், ஷமீமா! அது ஷமீமா குரல்தானே?"

எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டாள். அழுகைதான் வந்தது. பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். என்னை மறைத்துவிடு என்று அல்லாஹ்விடம் கேட்டிருந்தேன். அவனோ பஸ் நிறைய ஆட்களுக்கு நடுவில் என்னைக் காட்டிக்கொடுத்தான். அதுதான் பதில் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

வேலை தேடி அலைந்த கதையை அழுகையோடு அவளிடம் சொன்னேன். கயல்விழி திருச்சியில் மெடிக்கல் கோடிங் வேலையில் இருந்தாள். வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளியைப் பற்றி எழுதுவதைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போட வேண்டும். அதை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் பணம் கிடைக்கும். "இதுக்கு நம்மள மாதிரி உயிரியல் படிச்சவங்களதான்டி தேடுறாங்க. உடம்புக்குள்ள எது எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?" என்றாள்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். "போயிட்டு வா. புள்ளைய நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அந்தக் கம்பெனி வேலைக்கு வைத்த முதல் தேர்வில் தோற்றேன். ஆங்கிலம் ஓடவில்லை. என்னோடு எழுதியவர்கள் எல்லாம் அப்போதுதான் கல்லூரி முடித்த பிள்ளைகள். ஒரு பெண் என்னை "ஆன்ட்டி, உங்க பொண்ணு எழுதுறாளா?" என்று கேட்டாள். திரும்பி வந்தபோது தெருவில் பேச்சு வேறு. "புருசன் படுத்துக் கெடக்கான், இவளுக்குத் திருச்சியில என்ன வேலை?" காதில் விழாதது போலத் தண்ணீர் பிடித்தேன்.

கயல்விழி தன் புத்தகங்களைக் கொடுத்தாள். மகள் விளையாடும்போதும் சோறு வேகும்போதும் படித்தேன். ஒவ்வொரு தொழுகையிலும் மூஸா நபி கேட்ட துஆவைக் கேட்டேன்: என் நாவின் முடிச்சை அவிழ்த்துவிடு, என் பேச்சை அவர்கள் விளங்கிக்கொள்ளட்டும்.

இரண்டாம் முறை எழுத்துத் தேர்வில் தேறி, நேர்காணலில் உட்கார்ந்தேன். இதயத்தில் ரத்தம் ஓடும் வழியைச் சொல்லச் சொன்னார் ஒரு அம்மா. ஆங்கிலத்தில் தொடங்கினேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"பரவால்ல. தமிழ்லயே சொல்லுங்க."

சொன்னேன். உடம்பிலிருந்து வரும் ரத்தம் வலது மேலறையில் நுழைவது, நுரையீரல் போய்த் திரும்புவது, மகாதமனி வழியே வெளியேறுவது. தவளைக்கு மூன்று அறை, நமக்கு நான்கு என்பது வரை நிறுத்தாமல் சொன்னேன். அவர் சிரித்தார். "இது போதும். ஆங்கிலம் பழகிக்கலாம்" என்றார். அல்ஹம்துலில்லாஹ்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் சம்பளம் பெரிதாக இல்லை. விடுதிக்கும் பஸ்ஸுக்கும் போக மிஞ்சியது கொஞ்சம்தான். மகளைப் பிரிந்து ஐந்து நாள் திருச்சியில், இரண்டு நாள் ஊரில். அடுத்து கோடிங்குக்கான சான்றிதழ்த் தேர்வு எழுதித் தேறிய பிறகுதான் சம்பளம் உயர்ந்தது. வீட்டிலிருந்தே வேலை செய்யவும் விட்டார்கள். இப்போது என் கணவர் ஊன்றுகோல் இல்லாமல் கடைத்தெரு வரை போய் வருகிறார். காலையில் நான் கணினி முன் உட்காரும்போது தேநீர் போட்டு வைப்பது அவர்தான்.

போன வாரம் நம் தெருப் பிள்ளைகள் இருவர் வந்தார்கள். "அக்கா, பயாலஜி எடுத்தா டாக்டர் ஆகலைன்னா வீண்தானாமே?" என்றார்கள். இல்லையம்மா என்றேன். பி.எட். முடித்தால் ஆசிரியை, ஆய்வகப் படிப்பு சேர்த்தால் ஆய்வகம், கோடிங் பழகினால் இந்த வேலை. பட்டத்தோடு இன்னொரு படி ஏற வேண்டும், முதல் வருடம் வருமானம் குறைவாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

உங்களிலும் யாராவது வெட்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கலாம். சகோதரி, மனிதர்கள் முன்னால் நாக்கு எழவில்லையா? ஸஜ்தாவில் தலையை வை. அங்கே தலை தாழ்ந்திருப்பதுதான் மரியாதை. அழுதாவது கேள். கேட்டுவிட்டு எழுந்து, அடுத்த பஸ்ஸைப் பிடி. அல்லாஹ் யாரை எந்த சீட்டில் உட்கார வைத்திருக்கிறான் என்று நமக்குத் தெரியாது.