சொல்லி அனுப்புறோம்

இண்டர்வியூ என்ற சொல்லை என் காதில் முதலில் போட்டவள் என் தம்பி பொண்டாட்டி. சுனாமி வந்து ரெண்டு மூணு வருசம் ஆகியிருக்கும். அப்போது நான் கடலூர் முதுநகரில் தம்பி வீட்டில் இருந்தேன். புருசன் போய்ச் சேர்ந்த பிறகு, பிள்ளைகுட்டி இல்லாத எனக்கு அதுதான் வீடு. அங்கே யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை, சொல்ல நானும் விட்டதில்லை.

தம்பிக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு கிளம்ப நாள் பார்த்துவிட்டார்கள். "நீயும் வந்துடுக்கா" என்றான். அங்கே பிடித்திருந்ததோ ஒரே ஒரு ரூம். வயசுக்கு வந்த பெண், மீசை முளைக்கிற பையன், புருசன் பொண்டாட்டி, நடுவில் நான் எங்கே பாயை விரிப்பது? வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்குப் போக வேறு இடம் கிடையாது என்பது உறைத்தது.

சிதம்பரத்தில் வெளியூர்ப் பெண்கள் தங்கிப் படிக்கிற ஒரு ஹாஸ்டலில், அந்தப் பெண்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று தம்பி பொண்டாட்டிதான் விசாரித்து வந்தாள். சாப்பாடு உண்டு, தங்க ரூம் உண்டு. பூட்டுசாவியோடு தனி ரூம். அன்றிலிருந்து அந்தச் சாவி என் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

"சும்மா போயி கேட்டா குடுத்துட மாட்டாங்க அண்ணி. இண்டர்வியூ வப்பாங்க" என்றாள்.

"அப்படீன்னா?"

"எதிர்ல ஒக்கார வச்சு கேள்வி கேப்பாங்க. புடிச்சா எடுத்துக்குவாங்க."

"பொண்ணு பாக்க வர மாதிரியா?"

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆமா ஆமா. இந்த வயசுல ஒங்களுக்கு இன்னொரு தரம் நடக்கப் போவுது. பவுடர் போட்டுக்கினு போங்க."

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

நான் மூணாம் கிளாசோடு நின்றவள். முன்பின் தெரியாதவர்கள் கேள்வி கேட்டு நான் பதில் சொன்னது என்றால், அது பெண் பார்க்க வந்தபோது மட்டும்தான். அண்ணாகிராமம் பக்கத்தில் எங்கள் ஊர். முதலில் திட்டக்குடியிலிருந்து வந்தார்கள். அம்மா சொல்லிக் கொடுத்தபடி தலையைக் குனிந்து உட்கார்ந்தேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கேட்டதற்கு ஒரு வார்த்தைதான் பதில். போண்டாவும் காபியும் ஆனதும், "ஊருக்குப் போயி சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்துகொண்டார்கள். அம்மா மாசக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து வந்தவர்களும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனார்கள். வேண்டாம் என்பதை மனுசர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்கு அப்போது புரிந்தது. அதற்கப்புறம் வந்தவர் ஒருத்தர்தான் காபி ஆறுவதற்குள், "எனக்குச் சம்மதம்" என்று தன் வாயாலேயே சொன்னார். அவரோடுதான் வாழ்ந்தேன்.

இண்டர்வியூ அன்றைக்கு சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் எனக்கு வியர்த்தது. எதையாவது படிக்கச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று, எதிரே வந்த பஸ் போர்டை எல்லாம் எழுத்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். நான் கூட்டி முடிப்பதற்குள் அந்தந்த பஸ் போய்விட்டது.

வடக்கு வீதியிலிருந்து ஒரு சந்துக்குள் அந்த ஹாஸ்டல். வராந்தா பெஞ்சில் எனக்கு முன்பே ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். கிள்ளையிலிருந்து வருகிறாளாம். கலகலவென்று பேசினாள். அவளை முதலில் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்து அவள் சிரிப்புச் சத்தம்கூட கேட்டது. வெளியே வந்தவள், "நல்லா பேசுனாங்க. சொல்லி அனுப்புறாங்களாம்" என்று சந்தோசமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே போனேன். உட்காரச் சொன்னார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டேன். எதிரே ஒரு ஜோடி பாதம் தெரிந்தது, பச்சைக் கரை போட்ட காட்டன் புடவை தெரிந்தது. ஹாஸ்டல் நடத்துகிற அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"எந்த ஊரும்மா?"

"முதுநகர்."

"படிக்கத் தெரியுமா?"

"எழுத்துக் கூட்டி."

"பொண்ணுங்க அடங்காம சத்தம் போட்டா சமாளிப்பீங்களா?"

"ம்."

அந்தப் பாதங்கள் நாற்காலிக்கடியில் பின்னால் போயின.

"சரிம்மா. சொல்லி அனுப்புறோம்."

வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு அப்படியே நின்றேன். எங்கே சொல்லி அனுப்புவார்கள்? கடலூர் வீடு பூட்டிக் கிடக்கும். அம்மா மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போனேன்.

"வேணாம்னா வேணாம்னு இப்பவே சொல்லிடுங்க மேடம். சொல்லி அனுப்புறோம்னு மட்டும் சொல்லாதீங்க. அதக் கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போன வீட்டுப் பொண்ணு நான்."

கத்திவிட்டேன் போலிருக்கிறது. மாடிப்படியில் இறங்கி வந்த ஒரு பெண் அங்கேயே நின்றுவிட்டாள். அப்போதுதான் அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தேன். என்னைவிடச் சின்னவர். கண்ணாடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ நேரம் இந்தக் கொரலு எங்கம்மா இருந்துச்சு?" என்றார். "தலையவே தூக்கல நீங்க. வாசக் கேட்டப் பூட்டச் சொன்னா, இந்தப் பொண்ணுங்க ஒங்களயே உள்ள வச்சுப் பூட்டிடுமேன்னு பயந்துட்டேன்."

"பெரியவங்க எதிர்ல அப்படித்தான் ஒக்காரணும்னு வளத்தாங்க."

"நானா பெரியவ?" என்று சிரித்தார். "சரி, ஒண்ணு கேக்கறேன். ஒரு பையன் வந்து, இங்க இருக்கற ஒரு பொண்ணு பேரச் சொல்லி, நான் அவ அண்ணன், கூப்புடுங்கன்னு நிக்கறான். என்ன பண்ணுவீங்க?"

"அவன வெளியவே நிக்க வச்சுட்டு, உள்ள வந்து அந்தப் பொண்ண கேப்பேன். ஒங்க அண்ணன் வந்திருக்கான்னு சொன்னா, நெசமான தங்கச்சியா இருந்தா எதுக்கு வந்தான்னு மூஞ்சியச் சுளிக்கும். வெக்கப்பட்டுதுன்னா அவனத் தொரத்திடுவேன்."

படிக்கட்டில் நின்ற பெண் களுக்கென்று சிரித்துவிட்டு மேலே ஓடினாள். அந்தம்மா, "எப்ப வரீங்க?" என்றார்.

சம்பளம் என்னவென்று கேட்கத் தோன்றவில்லை. "ரூமுக்குப் பூட்டுசாவி உண்டுங்களா?" என்றேன். சுவரில் ஆணியில் தொங்கிய சாவியை அவர் கை காட்டினார்.

பஸ் ஸ்டாண்டில் அந்தக் கிள்ளைப் பெண்பிள்ளை இன்னும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். "ஒங்களுக்கும் சொல்லி அனுப்புறேன்னாங்களா?" என்று கேட்டாள். பொய் சொன்னால் அவளும் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

"இல்லம்மா. என்னய வரச் சொல்லிட்டாங்க. நீ காத்துக் கெடக்காத, வேற எடம் பாத்துக்க."

அவள் முகம் சட்டென்று சுருங்கியது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஊமையாட்டம் ஒக்காந்திருந்துட்டு ஒரே அடியா அடிச்சுட்டியே ஆயா!" என்றவள், கிள்ளை பஸ் வந்ததும் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போய்விட்டாள்.

கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு எனக்கு என்னமோ ஒரு பயம் வந்தது. வேலைதான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன என்று என்னையே அதட்டிப் பார்த்தேன். அடங்கவில்லை. அப்பா வீடு, புருசன் வீடு, தம்பி வீடு என்று இருந்தவள் நான். ஒரு ரூமில் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்ததே கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.