மூணு இடத்துலயும் அழிஞ்ச தேதி

எங்க வீட்டுல மூணு காலண்டர் இருந்துச்சு. சுவர்ல தொங்குறதைச் சொல்லலை. என் போன்ல ஒண்ணு, துபாய்ல வேலை பார்த்த என் வீட்டுக்காரர் போன்ல ஒண்ணு, அவர் வாங்கிப் போட்ட கம்ப்யூட்டர்ல ஒண்ணு. லீவுல காரைக்கால் வந்ததும் பெட்டியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி கேபிளைத்தான் தேடுவார். ரெண்டு போனையும் ஒண்ணு மாத்தி ஒண்ணு கம்ப்யூட்டர்ல சொருகி, மூணுலயும் ஒரே தேதி இருந்தாத்தான் அவருக்குச் சோறு இறங்கும். மகளோட பரீட்சை, மாமியோட டாக்டர், என் தங்கச்சி கல்யாணம் எல்லாத்துக்கும் அங்கேயும் அலாரம் அடிக்கணுமாம். "தூரத்துல இருந்தாலும் வீட்டோடதானே இருக்கேன்?"ம்பார். எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

அந்தத் தடவை வந்தப்போ, இனி ஒரே ஒரு சபர்தான், இந்தப் பயணம் போயிட்டு வேலையை விட்டுட்டு நோன்புக்கு வந்துடுறேன்னு சொன்னார். பக்கத்துலேயே போலகத்துல ஒரு கடை பிடிச்சு ஷட்டருக்குப் பெயிண்ட்டும் அடிச்சோம். வாப்பா இனிமே இங்கதான்னு மகள் பள்ளிக்கூடம் பூரா சொல்லி வச்சிருந்தா.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஜும்மாவுக்குப் போயிருந்தார். பள்ளிக்கூடம் என்னைக்குத் திறக்குதுன்னு பார்க்க என் போன்ல அடுத்த மாசத்தைத் திருப்பினேன். நான் போடாத தேதி ஒண்ணு இருந்துச்சு. இங்கிலீஷ்ல. கான்ட்ராக்ட் ரின்யூவல், ரெண்டு வருஷம், பாஸ்போர்ட் எடுத்துப் போகணும். வீட்டுத் தேதியெல்லாம் தனக்கு வரணும்னு நினைச்ச மனுஷனுக்கு, தன்னோட தேதி அதே கேபிள் வழியா எனக்கும் வரும்னு தோணவே இல்லை. பன்னிரண்டாவது படிச்ச பொண்டாட்டி அதைப் படிப்பான்னும் தோணலை.

போனை வச்சுட்டு அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தவருக்குச் சோறு போட்டு ஆணம் ஊத்தினேன். கடைக்கு என்ன பேர் வைக்கலாம்னு என்னைக் கேட்டார். நாக்கு கூசலை பாருங்க.

நான் கேட்டிருக்கலாம். கேட்டா ஒரு சமாதானம் சொல்வார், நானும் நம்பித் தொலைப்பேன். கிளம்புற அன்னைக்குக் கடைசியா ஒரு தடவை ரெண்டு போனையும் சொருகச் சொன்னார். அதுக்கு முன்னாடி என் போன்ல அந்தத் தேதியை அழிச்சேன். ஒண்ணுல அழிச்சா மூணுலயும் போயிடும், சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அலாரம் அடிக்காம மறந்து தொலைக்கட்டுமேன்னு ஒரு கிறுக்கு ஆசை.

கம்பெனிக்காரன் மறக்க விடுவானா? அடுத்த மாசம் பேசுறப்போ சொன்னார்: "இந்த போன் என்னை ஏமாத்திடுச்சு புள்ள. முக்கியமான வேலை ஒண்ணுக்கு அலாரமே அடிக்கலை. நல்லவேளை, ஆபீஸ்லேருந்து கூப்பிட்டாங்க. போய் முடிச்சிட்டேன்."

இப்பவாவது சொல்லிடுவார்னு நினைச்சேன். சொல்லிட்டா மன்னிச்சுடலாம்னு இருந்துச்சு. "என்ன வேலை மச்சான்?"னு கேட்டேன்.

"சும்மா, ஒரு மீட்டிங்."

மகள் என் கையிலேருந்து போனைப் பிடுங்கினா. "வாப்பா, நோன்புக்கு வந்துடுவீங்கல்ல?"

"வந்துடுறேம்மா"ன்னு அவர் சொன்னது பக்கத்துல நின்ன எனக்கும் கேட்டுச்சு.