தையல் நூலும் நாலு புறாவும்

கள்ளிக்குப்பத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, கரையான்சாவடியில் அப்பா கட்டிய சொந்த வீட்டுக்குக் குடிபோன அன்று, டெம்போவின் முன்சீட்டு எனக்குக் கிடைக்கவில்லை. அது மூங்கில் கூடைக்குள் இருந்த எங்கள் நாலு புறாக்களுக்குப் போய்விட்டது. நான் பின்னால், அம்மாவின் தையல் மெஷினுக்கும் பீரோவுக்கும் நடுவே, இரண்டும் இடித்துக்கொள்ளாமல் இருக்கச் செருகிய தலையணை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

எதிர்வீட்டு ஆன்ட்டி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அம்மாவுக்கும் தெரு அடிபம்பில் தினமும் காலையில் சண்டை. யார் குடத்தை முதலில் வைத்தது என்பதுதான் வழக்கு. ஏழு வருடமாகத் தீர்ப்பாகவில்லை.

“இனிமே இந்தத் தெருவத் திரும்பிக்கூடப் பாக்கமாட்டேன்” என்றாள் அம்மா, டெம்போவைப் பார்த்துச் சொல்வது போல.

“போ போ, நானாவது நிம்மதியா தண்ணி புடிக்கிறேன்” என்றார் ஆன்ட்டி, புறாக்கூடையைப் பார்த்து.

இறங்கும்போது டெம்போ டிரைவர் அப்பாவை எச்சரித்தார். “அண்ணாத்தே, புறா பழைய ஊட்டுக்கே ஓடிடும். இறக்கைல நூல் கட்டி வை. இங்க குஞ்சு பொரிச்சிச்சுன்னா, அப்பால இதான் அதுக்கு ஊடு.” அம்மாவின் தையல் நூலை எடுத்து அப்பா நாலுக்கும் கட்டிவிட்டார்.

புது வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. சுற்றிலும் காலி மனைகள். பேச்சுக்கு ஆளில்லை. பழைய தெருவின் கிரிக்கெட்டில் நான் நிரந்தரமாகச் சாக்கடை ஓரம் நிறுத்தப்பட்ட பீல்டர். அந்தச் சாக்கடைக்காகக்கூட ஏங்கினேன்.

இரண்டாவது ஞாயிறு காலையில் ஆண் புறாவைக் காணோம். கூண்டுக்கடியில் நூல் மட்டும் கிடந்தது. அப்பா நேராக என் காதைப் பிடித்தார்.

“நீதான அவுத்து வுட்ட?”

“நான் இல்ல நைனா! மூக்காலயே வெட்டிக்கினு போயிருக்கும்!”

நூல் கத்தரித்தது மாதிரி நேராக அறுந்திருந்ததால் அப்பாவும் நம்பினார். புறாவின் அலகு எவ்வளவு கூர்மை என்பதை மறுநாள் வகுப்பில் என் கண்டுபிடிப்பாகவே அறிவித்தேன்.

நூல் அறுந்த அந்த ஞாயிறே அப்பா என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்து, அயனம்பாக்கம் ஏரியைத் தாண்டி மிதித்தார். பழைய வீட்டுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. அதன் மாடிச் சுவரில் புறா உட்கார்ந்திருந்தது. ஆன்ட்டி அதற்குக் கம்பு போட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னாடா, உங்கம்மா திரும்பிப் பாக்கமாட்டேன்னாளே. இப்ப புறாவ வுட்டுப் பாக்குறாளா?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அலகு சித்தாந்தத்தை ஆதாரத்தோடு விளக்கினேன். ஆன்ட்டி முழுதும் கேட்டுவிட்டு, “கெட்டிக்காரப் புறாதான்” என்று சொல்லி, ஒரு தூக்கு நிறைய மீன் குழம்பு கொடுத்தார்.

வீட்டில் அம்மா புறாவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“அவ இன்னா சொன்னா?”

“கொழம்பு குட்த்தாங்க.”

“அதையா கேட்டேன்? எளச்சிருக்காளா? பம்ப்புல இப்ப யார்கூட சண்ட போடுறா?”

“பம்ப்புல யாருமே இல்லமா. அவங்க கொடம் மட்டும் தனியா கீது.”

அம்மா குழம்பை ருசி பார்த்து, “உப்பு ஜாஸ்தி. இன்னிக்கி நேத்தா, எப்பவும் இப்டித்தான்” என்றாள். பிறகு மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

தூக்கை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது அல்லவா? அடுத்த ஞாயிறு, ஒரு பெட்டைப் புறா ஓடிப்போனபோது, அதில் மசால் வடை போனது. புறா போனதை நாங்கள் கண்டுபிடித்தது எட்டு மணிக்கு. பருப்பை அம்மா ஆறு மணிக்கே ஊறவைத்திருந்தாள். இந்தக் கணக்கு என் விஞ்ஞான மூளைக்கு எட்டவில்லை. “நீயும் வாயேன்” என்று அப்பா கூப்பிட்டதற்கு, “அவ மூஞ்சில முழிக்கவா?” என்றாள். வடையோடு போன தூக்கு கேக்கோடு திரும்பியது. இப்படி ஐந்தாறு ஞாயிறு.

அப்புறம் கூண்டில் இரண்டு குஞ்சுகள் பொரிந்தன. அப்பா எல்லா நூலையும் அவிழ்த்துவிட்டார். நாலு புறாவும் கிளம்பி, காலி மனைகளுக்கு மேல் பெரிதாக ஒரு வட்டம் போட்டு, எங்கள் மாடியிலேயே வந்து இறங்கின. நான் கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன்.

“மா! எதுவும் போவல! இனிமே போவவே போவாது!”

மெஷினில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள். பக்கத்தில் ஆன்ட்டியின் தூக்கு, கழுவித் துடைத்து, நிறைய முறுக்கோடு மூடியிருந்தது.

“போவாதா?” என்றாள். தூக்கின் மூடியை ஒருமுறை அழுத்திவிட்டு, “அப்ப இத யாரு குட்த்துட்டு வர்றது?”

“நம்மளே வச்சிக்கலாம்மா. அவங்க கேக்கவா போறாங்க?” என்று வழி சொன்னேன்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டு மிதிக்க ஆரம்பித்தாள். ஊசிக்கடியில் துணியே இல்லை. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பாவம், நூல் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது, அதுதான் முகம் அப்படி இருக்கிறது என்று நினைத்து, யாரும் சொல்லாமலேயே கடைக்கு ஓடிப்போய் ஒரு நூல்கண்டு வாங்கி வந்து அவள் மடியில் வைத்தேன்.